டெட்

ஸால்ஃபோர்டில், டிராம் தண்டவாளம் வளைகிற முனையில்
என்ட்விசில் சவ அடக்க நிலையம்.
கண்ணாடிக்குப் பின்னால் மெழுகு அல்லிகள்,
உள்ளறையில் எந்நேரமும் கொதிக்கும் கெட்டில்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே
கார்ல் க்ளெக்குக்கு ஒரு சொல் தடை.
"டெட் என்கிற பேச்சு இங்கே கிடையாது," என்றாள் முதலாளி ஹில்டா.
"காலமானவர். உங்கள் அன்புக்குரியவர். திரு. இன்னார்.
புரிகிறதா?"
"டெட் ஈஸி," என்றான் கார்ல்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
அந்த ஊரில் டெட் என்றால் ரொம்ப.
சூப் டெட் ருசி. சந்தையில் வாங்கிய பூட்ஸ் டெட் மலிவு.
அவன் தங்கைக்கு மூன்று வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை
டெட் அழகு,
மூக்கு மட்டும் அப்பன் மாதிரி.

சவ வண்டி ஓட்டும் ஃபின்டன் டப்ளின்காரன்.
அவனுக்கு நல்லதெல்லாம் டெட்லி:
டெட்லி கோல், டெட்லி கல்யாணம்.
மலர்வளையம் அனுப்பும் பெல்ஃபாஸ்ட் பெண்ணோ
எந்த ஆர்டருக்கும் ஒரே பதில்: டெட் ஆன்.
ஆகட்டும், சரி, கவலைப்படாதீர்கள்
மூன்றும் அதில் அடக்கம்.

நைஸ் என்ற சொல்லைப் போல
மடையன் என்று பிறந்து கனவானாக வேஷம் மாறிய கதை
இதற்கு இல்லை.
ஆயிரம் வருஷத்துக்கு முன்பும் இது பிணம்தான்.
பிணம்போல் அசையாத என்று தொடங்கி,
பிணம்போல் குடித்துக் கிடக்கிற என்று நகர்ந்து,
அரைகுறையாக யாரும் சாவதில்லை என்பதால்
முழுசுக்கெல்லாம் அளவுகோல் ஆகி,
கடைசியில் சூப்புக்கு வந்து சேர்ந்தது.
டெட்லைன்கூட
ஒரு காலத்தில் கைதிகள் தாண்டினால் சுடப்படும் கோடு.
இன்றைக்கு அது தகனப் படிவத்துக்கு
வியாழன் மாலை நான்கு மணி.

(தமிழில் இதை எழுத உட்கார்ந்தால்
'செத்த' குறுக்கே வந்து நிற்கிறது.
செத்த இரு, செத்த தள்ளிக்கோ.
யாரும் சாகவில்லை அதில்,
சற்றுதான் வாய்க்குள் தேய்ந்திருக்கிறது.)

செவ்வாய்க்கிழமை டோரீன் ஹல்ம் வந்தாள்.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
கணவன் வெர்னன், பஸ் பரிசோதகர்,
நீல சூட்டில், பௌலிங் கிளப் டையில்,
கார்ல் வகிடெடுத்த தலையோடு படுத்திருந்தார்.

பார்த்தாள். சுற்றி வந்து அந்தப் பக்கமிருந்தும் பார்த்தாள்.
"டெட் ஸ்மார்ட்டா இருக்கார்," என்றாள்.

செத்த நேரம் ஒருவரும் பேசவில்லை.
கெட்டில் தானாக அணைந்த சத்தம் கேட்டது.
ஹில்டா கம்பளத்தில் எதையோ தேடினாள்.
டோரீனின் தோள் குலுங்கியது.
கார்ல் டிஷ்யூ பெட்டியை நீட்டினான்.
அழவில்லை அவள்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு
சிரித்தாள்.
"நாற்பத்தாறு வருஷம். ஒருநாள் டை நேரா நின்னதில்ல இந்த மனுஷனுக்கு."

ஆஸ்பத்திரியில் டாக்டர், போய்விட்டார் என்றார்.
எதிர்வீட்டுக்காரி, இழந்துவிட்டாயே என்றாள்.
பாதிரியார், உறக்கம் என்றார்.
பென்ஷன் ஆபீஸ் கடிதத்தில் 'மாறிய சூழ்நிலை'.
பத்து நாளாக முன்வாசல் வழியே யாரும் உள்ளே விடாத சொல்
'ரொம்ப' என்று பொய்ப்பெயர் சொல்லி
கொல்லைக்கதவால் நுழைந்துவிட்டது.

கண்ணைத் துடைத்தாள். கோட்டுப் பித்தானைப் போட்டாள்.
கதவருகே நின்று, திரும்பாமல்,
"வெர்னன் டெட்," என்றாள்.

டெட் என்ன?
பழக்க தோஷம்,
அடுத்த சொல்லுக்காகக் காத்து நின்றான் கார்ல்,
கையில் டிஷ்யூ பெட்டியோடு,
அவள் டிராம் ஏறிப் போன பிறகும்.